உங்க இஷ்டம், சம்பந்தி

ஏரி ஒன்று வந்துவிட்டுப் போகிறது என்று யாராவது சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? காதில் பூ சுற்றுகிறான் என்று நினைத்துவிட்டு உங்கள் வேலையைப் பார்ப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதைச் சொன்னவன் கதையளக்கும் நிலையில் இல்லை. மலை மேல் நின்றுகொண்டு, பல் தந்தியடிக்க, ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"ராத்திரி புல்தரையிலதான் கூடாரம் போட்டோம் மேடம். எழுந்து பார்த்தா சுத்தித் தண்ணி. ஏரி வந்துருச்சு மேடம்!"

நான் அப்போது அவசர அழைப்பு மையத்தில் வேலையில் இருந்தேன். ஜன்னல் இல்லாத பெரிய அறை, சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வரைபடம், காதில் ஹெட்ஃபோனோடு வரிசையாக நாங்கள். இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியாத சந்து கிடையாது. எல்லாம் காதால் தெரிந்ததுதான். "பேக்கரி தாண்டி உடைஞ்ச படிக்கட்டு", "பாலத்துக்கு அடியில நீலக் கதவு" என்று பதறிப்பதறிச் சொல்வார்கள்; நான் வண்டியை அனுப்புவேன். வண்டி போய்ச் சேர்ந்ததும் ஊழியர் "வந்தாச்சு" என்பார். அத்தோடு என் வேலை முடிந்தது, அடுத்த மணி அடிக்கும். அந்த ஆள் பிழைத்தாரா, அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறந்ததா, ஒன்றும் தெரியாது. வேலைக்காலம் முழுக்கக் கடைசிப் பக்கம் கிழிந்த கதைகளையே படித்தவள் நான். எனக்கு மண்டைக் குடைச்சல் இருக்குமா, இருக்காதா?

அதனால் ஓய்வு பெற்றதும் கிளம்பிவிட்டேன். மற்றவர்கள் அரண்மனையும் கடற்கரையும் பார்க்கப் போவார்கள். நான் உடைந்த படிக்கட்டைப் பார்க்கப் போனேன். அதை இன்னும் யாரும் சரி செய்திருக்கவில்லை, அயோக்கியர்கள். நீலக் கதவுக்குப் பச்சை அடித்திருந்தார்கள். கதவைத் திறந்த பெண், நான் ஏதோ விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்து முகத்தில் அறைந்தாற்போல் சாத்தினாள். அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்?

பழைய கல்குவாரிக்குப் போன அன்றைக்குத்தான் வினை வந்தது. இறங்கும்போது ஒத்துழைத்த முழங்கால், ஏறும்போது முரண்டு பிடித்தது. வேறு வழியில்லாமல் மகனைக் கூப்பிட்டேன். அலுவலகக் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கூட வேலை பார்க்கும் ஒருவரையும் அழைத்துக்கொண்டு வந்தான். கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியைத் தூக்குவதுபோல் என்னை மேலே தூக்கினார்கள். வீடு வந்து சேரும்வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் பேச்சை எடுத்தான்.

"அம்மா, அந்த ஏரியைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்கே. போயிட்டு வா. ஆனா தனியா இல்ல, துணையோட. அப்புறம் இன்னொண்ணு. நீயா போயி, நீயா திரும்பி வரணும். யாரையாவது ஃபோன்ல கூப்பிட்டு, வந்து தூக்கிட்டுப் போங்கன்னு சொல்ற நிலை வந்துச்சுன்னா, அதோட முடிஞ்சது. மலை, காடு, குவாரி எல்லாத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுடணும். பூங்காவுல நடந்தா போதும்."

"யாரையும் கூப்பிடாம வந்துட்டா?"

"அப்புறம் நீ எங்க போனாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன்."

கையை நீட்டினேன். அவன் அதில் அடித்துச் சத்தியம் செய்தான். மருமகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சிரித்துக்கொண்டே கையை நீட்டினேனே தவிர, எனக்கு உள்ளே திக்கென்றது. காலில் தெம்பு இருக்கப்போவது இன்னும் சில வருஷம். அதையும் செக்குமாடு மாதிரி பூங்காவைச் சுற்றியே கழிப்பது என்றால் என்னால் முடியாது. அப்படி ஒரு தீர்ப்பு வந்தால் நான் ஒடிந்துபோய்விடுவேன் என்று எனக்கே தெரியும்.

"அந்த ஏரி எங்கேருந்து வருதாம்?" என்று ஒரு குரல் கேட்டது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கேட்டது சம்பந்தியம்மா, மருமகளின் அம்மா. மகன் வீட்டில்தான் இருக்கிறார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருந்தவர். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "ஒண்ணும் இல்ல, கொஞ்சம்கூட வலிக்காது" என்று சிரித்த முகத்தோடு சொல்லிச் சொல்லி, அந்தச் சிரிப்பு அப்படியே முகத்தில் தங்கிவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை. எப்படி வரும்? எங்களுக்குள் நடந்தது எல்லாம் மரியாதைதான், பேச்சு ஒன்றும் நடக்கவில்லையே. வாசலில் "நீங்க முதல்ல", "இல்ல, நீங்க முதல்ல" என்று நாங்கள் நிற்கும்போது பின்னால் வருகிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். டிவியில் ஒரு தொடர் ஓடும். அவருக்குப் பிடிக்கும் என்று நானும், எனக்குப் பிடிக்கும் என்று அவரும், ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்கிறோம். அது இரண்டு பேருக்கும் பிடிக்காது என்று தெரிந்தபோது தொடரே முடிந்துவிட்டது.

"மலைக்கு அடியில சுண்ணாம்புப் பாறையாம் சம்பந்தி. உள்ள பூராவும் ஓட்டை. மழை பெஞ்சா உள்ள ஓடுற தண்ணி அந்த ஓட்டை வழியா மேல ஏறி வந்து நிக்குமாம். வெயில் வந்தா அப்படியே உள்ள இறங்கிடுமாம்," என்றேன்.

"அப்போ மீன் இருக்குமா?"

"தெரியலையே."

"இருந்தா, ஏரி போனப்புறம் அது எங்க போகும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படிக் கேள்வி கேட்கிற மண்டை இந்த வீட்டில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "நான் துணைக்கு வரேன், சம்பந்திக்கு ஆட்சேபணை இல்லைன்னா," என்றார். மருமகள் "அம்மா!" என்று கத்தியதையும் அதே சிரிப்போடு வாங்கிக்கொண்டார்.

பயணத்துக்கு ஆயத்தம் செய்வது பயணத்தைவிட ருசியானது. என் வீட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து, நாலு மூலையிலும் டீ கப்பை வைத்து அமுக்கினோம். மழை தொடங்கிய கையோடு போக வேண்டும். முன்னால் போனால் வெறும் புல், ரொம்பப் பிந்தினால் பாதையே வழுக்கும். முதல் நாள் அடிவாரத்திலிருந்து தங்கும் குடில் வரை. மறுநாள் காலையில் ஏரி, மாலைக்குள் மறுபக்கம் இறங்கிப் பேருந்து. பயிற்சிக்காக இருவரும் பையில் பழைய அகராதிகளை அடைத்துக்கொண்டு என் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளை ஏறி இறங்கினோம். பக்கத்து வீட்டுக்காரர் நாங்கள் வீடு காலி செய்கிறோம் என்று நினைத்து உதவிக்கு ஓடி வந்தார்.

சம்பந்தியம்மாவின் பையை நான் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இஸ்திரி போட்ட புடவை, முகப் பவுடர், கண்ணாடிப் பாட்டிலில் தேன். எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன். "உங்க இஷ்டம், சம்பந்தி," என்றார். மலையில் குடிலில் பையைத் திறந்தபோது தேன் பாட்டில் சமர்த்தாக உள்ளே உட்கார்ந்திருந்தது.

முதல் நாள் ஒரு குறையும் இல்லை. நான் மூச்சு வாங்க நின்றால் அவர் பூவைப் பார்ப்பதுபோல் நிற்பார். அவர் நின்றால் நான் ஷூ கயிற்றைக் கட்டுவேன். ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு குடில் போய்ச் சேர்ந்தோம். அவர் தூங்கும் பைக்குள் நுழைந்து ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டார். பிறகு கையை வெளியே எடுக்க வழி தெரியவில்லை. ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சம்பந்தி, உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா என்னைக் கொஞ்சம் திறந்து விடறீங்களா?" என்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார், அந்த வரவேற்பு மேஜைச் சிரிப்பு இல்லை, வேறு சிரிப்பு. இவரை இத்தனை வருஷம் பார்க்காமலே விட்டுவிட்டோமே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் தூறல் போட்டது. ஏரிக்குத் தோதான நாள் என்று உற்சாகமாகக் கிளம்பினோம். ஒரு பெரிய பாறையருகே பாதை இரண்டாகப் பிரிந்தது. வரைபடத்தின்படி இடதுபக்கம் போக வேண்டும். எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் சம்பந்தியம்மா வலதுபக்கப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அந்த வழி பிடித்திருக்கிறது போலிருக்கிறது, கேட்கக் கூச்சப்படுகிறார், சுற்றுவழியாக அதுவும் ஏரிக்குத்தானே போகும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

"இப்படிப் போவோமா சம்பந்தி?" என்று வலதுபக்கம் காட்டினேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "உங்க இஷ்டம், சம்பந்தி," என்றார்.

நடந்தோம். பாதை குறுகியது, பிறகு ஆட்டுத் தடம் மாதிரி ஆனது, பிறகு அதுவும் இல்லை. மூடுபனி இறங்கிவந்து முன்னால் போகிறவர் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு கல்லில் உட்கார்ந்து பிஸ்கட்டைப் பிரிக்கும்போதுதான் மெதுவாகக் கேட்டேன்.

"இந்த வழி உங்களுக்கு ஏன் பிடிச்சது சம்பந்தி?"

"எனக்கா? நீங்கதானே இப்படின்னு காட்டினீங்க?"

"நீங்க இந்தப் பக்கமே பார்த்துட்டு நின்னீங்களே!"

"அங்க ஒரு பறவை உட்கார்ந்திருந்தது சம்பந்தி. இடதுபக்கம்தானே போகணும்னு எனக்கும் தெரியும். ஆனா நீங்க வரைபடம் எல்லாம் படிச்சவங்க. ஏதோ காரணம் இருக்கும்னு பேசாம வந்தேன்."

இரண்டு பேருக்கும் சரியான வழி தெரியும். இரண்டு பேரும் மரியாதையாகத் தவறான வழியில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். அப்போதும் எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

திரும்பி வரும்போது ஓர் ஓடை குறுக்கிட்டது. போகும்போது தாண்டிய அதே ஓடைதான், இப்போது தண்ணீர் ஏறியிருந்தது. அவர் கால் வைத்த கல் புரண்டது. இடுப்பு வரை தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். பையும் கூடவே முழுகியது. கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினேன். கணுக்கால் வீங்கிக்கொண்டு வந்தது.

"ஒண்ணும் இல்ல சம்பந்தி. கொஞ்சம்கூட வலிக்கல."

நொண்டிக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தார். பிறகு முடியவில்லை. சாய்ந்து நின்ற ஒரு பாறைக்கு அடியில் உட்கார வைத்தேன். அவர் மாற்றுத்துணி எல்லாம் பிழிந்து ஊற்றும்படி நனைந்திருந்தது. என் ஸ்வெட்டரைக் கழற்றினேன். "ஐயோ, உங்களுக்கு வேணுமே" என்று அதற்கும் ஒரு மரியாதைப் போராட்டம். அதட்டித்தான் மாட்டிவிட வேண்டியிருந்தது. அவர் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

"குளிருதா சம்பந்தி?"

"ஒண்ணும் இல்ல. பனி விலகினா மெதுவா இறங்கிடலாம்."

ஃபோன் என் கையில் இருந்தது. சிக்னல் ஒற்றைக் கோடு, ஆனால் இருந்தது. அதைப் பார்த்தேன். பையில் போட்டேன். மறுபடி எடுத்தேன்.

பனி விலகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேருந்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தோளில் சாய்த்துக்கொண்டால் மெதுவாக நடந்துவிடலாம். ஃபோன் பண்ணினால் என்ன ஆகும்? மீட்புக் குழு வரும், மகனுக்குத் தகவல் போகும், அவன் ஒரு வார்த்தை பேசமாட்டான், பூங்கா. அந்தப் பூங்காவின் சிமெண்டு நடைபாதை என் கண் முன்னால் வளைந்து வளைந்து ஓடியது.

அவருடைய நடுக்கம் நின்றது. அதைப் பார்த்து முதலில் அப்பாடா என்று இருந்தது என்று சொன்னால் அது பொய். நனைந்த ஆள் நடுங்குகிற வரை உடம்பு போராடுகிறது. சூடு ஏறாமலே நடுக்கம் நின்றால் போராட்டத்தை விட்டுவிட்டது என்று அர்த்தம். வேலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அவர் குரலிலும் தெரிந்தது. நாக்கு தடித்துப்போய், வார்த்தை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. குரலை வைத்தே ஆளை எடைபோட்டுப் பிழைத்தவள் நான். என் காதுக்கு எல்லாம் கேட்டது. கேட்டும் கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று.

அப்போது அவர் கண்ணைப் பாதி திறந்து என்னைப் பார்த்தார். அதே சிரிப்பு.

"அடுத்த பேஷண்ட்டை வரச் சொல்லட்டுமா டாக்டர்?" என்றார்.

பூங்காவும் போயிற்று, மலையும் போயிற்று. விரல் தானாக எண்ணை அழுத்தியது.

எடுத்தது ஓர் இளம் குரல். இடத்தைக் கேட்டது. பாறையருகே பாதை பிரியும் இடம், வலதுபக்கம், ஓடை, சாய்ந்த பாறை என்று வரிசையாகச் சொன்னேன். வயது, நனைந்தது, கணுக்கால், நடுக்கம் நின்றது, பேச்சுக் குழறுவது எல்லாம் சொன்னேன்.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்காங்கம்மா?"

இந்தக் கேள்வியை நான் ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். சொன்னதும் நான் மைக்கை மூடிக்கொண்டு, "இவ்வளவு நேரம் என்னத்தைப் பிடுங்கிட்டு இருந்தே?" என்று பல்லைக் கடிப்பேன்.

"கொஞ்ச நேரமாத்தான்," என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. அந்தப் பெண் மைக்கை மூடியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பிறகு அமைதியாக, அவர் ஈரத்துணியைக் கழற்றிவிட்டு உலர்ந்ததைச் சுற்றச் சொன்னாள், என் உடம்போடு சேர்த்து அணைத்துக்கொள்ளச் சொன்னாள், தூங்கவிடாமல் பேச்சுக் கொடுக்கச் சொன்னாள். சொன்னபடி செய்தேன். நடந்தே இறங்கிவிடலாம் என்று அதுவரை பிரிக்காமலே வைத்திருந்த என் தூங்கும் பைக்குள் அவரைத் திணித்து, நானும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என்ன பேசுவது என்று தெரியாமல், ஏரி போனப்புறம் மீன் எங்கே போகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பதில் வரவில்லை. பயத்தில் அழுதேன்.

மீட்புக் குழு வந்ததும் எல்லாம் சட்டுச்சட்டென்று நடந்தது. ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கட்டி, வெந்நீர்ப் பைகளை வைத்து, தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடினேன். பனி விலகியிருந்தது. பாதை ஒரு பள்ளத்தாக்கின் ஓரமாகப் போனது. கீழே பசும்புல், அந்தப் புல்லுக்கு நடுவே தண்ணீர். எந்தப் பக்கத்திலிருந்தும் ஓடி வராத தண்ணீர். சத்தமே இல்லாமல் தரையிலிருந்து ஊறி ஊறி ஏறிக்கொண்டிருந்தது. புல் சாயவில்லை, ஒவ்வொரு இதழும் கண்ணாடிக்குள் நிற்பதுபோல் தண்ணீருக்குள் நேராக நின்றது. அந்த நேரத்தில் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் உங்களுக்கு என் மேல் நல்ல அபிப்பிராயம் வரும். பார்த்தேன். பொய் சொல்வானேன்? ஆனால் அவர் கையை விடவில்லை.

அடிவாரத்து ஊரின் சின்ன ஆஸ்பத்திரியில் அவருக்குச் சூடேற்றினார்கள். கணுக்காலில் கட்டுப் போட்டார்கள். உதட்டில் நிறம் திரும்பி, பேச்சும் தெளிந்தது. அதற்குள் மகனும் மருமகளும் வந்து சேர்ந்தார்கள். மருமகள் அம்மாவின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் கொஞ்சம் தாமதமா வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னே சொல்ல முடியாதுங்கறார் டாக்டர். அம்மாவுக்கு முடியலைன்னு தெரிஞ்ச உடனே ஃபோன் பண்ணிட்டீங்களா அத்தை?"

ஆமாம் என்று சொன்னால் போதும். யாரும் துருவப்போவதில்லை. படுக்கையில் இருப்பவரும் என்னை விட்டுக்கொடுக்கமாட்டார்.

"இல்லம்மா," என்றேன். "உடனே பண்ணல. நடுக்கம் நின்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? ஃபோன் கையிலதான் இருந்தது. சிக்னலும் இருந்தது. கூப்பிட்டா நான் தோத்துடுவேன்னு உட்கார்ந்திருந்தேன். உங்க அம்மா உயிரை விட எனக்கு ஊர் சுத்தறது பெருசா போச்சு."

மருமகள் முகம் வெளுத்தது. என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அவங்களை ஒண்ணும் சொல்லாதே. நானும்தான்." சம்பந்தியம்மா மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "தண்ணியில விழுந்ததுலேருந்தே உடம்பு விறைச்சுப்போச்சு. விரல் எல்லாம் என்னுது மாதிரியே இல்ல. சொன்னா சம்பந்தி ஃபோன் பண்ணிடுவாங்க. பண்ணினா அப்புறம் நீங்க அவங்களை எங்கயும் விடமாட்டீங்க. அதான் ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டே இருந்தேன். அவங்க ஜெயிக்கணும்னு இருந்துச்சு எனக்கு."

நான் ஜெயிப்பதற்காக அவர் வாயை மூடிக்கொண்டு விறைத்திருக்கிறார். நான் ஜெயிப்பதற்காக, நானும் வாயை மூடிக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மகன் சுவரோரம் நின்றிருந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது.

"குவாரியில உன்னைத் தூக்கின அன்னைக்கு நான் பயந்துட்டேன்மா. நீ பத்திரமா இருக்கணும்னுதான் அப்படிச் சொன்னேன்," என்றான். "கடைசியில, என்ன ஆனாலும் கூப்பிடாதீங்கன்னு நானே சொல்லி ரெண்டு பேரையும் மலைக்கு அனுப்பியிருக்கேன்." கையால் முகத்தை மூடிக்கொண்டான். மருமகள் போய் அவன் தோளைத் தொட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "நிபந்தனை ஒண்ணும் வேண்டாம்மா. நீ எங்க வேணா போ. ஆனா கூப்பிடு. சும்மா கால் வலிச்சாக்கூடக் கூப்பிடு. நான் முகத்தைத் தூக்கி வெச்சுக்கமாட்டேன்."

நான் எதற்காக அந்தப் பாறைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேனோ, அது என் கைக்கு வந்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் குதித்திருப்பேன். அன்றைக்குத் தலையைக்கூட ஆட்ட முடியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

டாக்டரைப் பார்க்க இருவரும் வெளியே போனார்கள். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் என்னைப் பார்த்தார், நான் கட்டில் காலைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் மேல் கிடந்த போர்வை ஒரு பக்கம் நழுவியிருந்தது. எழுந்து இழுத்துவிட்டேன். அவர் கை இன்னும் சில்லென்றுதான் இருந்தது.

"குளிருதா சம்பந்தி?"

அவர் முகத்தில் வழக்கமான அந்தச் சிரிப்பு வந்தது. ஒண்ணும் இல்ல என்று சொல்ல உதடு குவிந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, சிரிப்பு மெல்ல இறங்கிவிட்டது. அதன் கீழே இருந்த முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். களைத்துப்போன, பயந்துபோன முகம்.

"குளிருது," என்றார். "ரொம்பக் குளிருது சம்பந்தி. காலும் உயிர் போற மாதிரி வலிக்குது."

"இதோ வரேன்," என்று சொல்லிவிட்டு, இன்னொரு போர்வை கேட்க நர்ஸிடம் ஓடினேன்.